குழந்தைக்குக் கொட்டாவி, அப்பாவுக்குக் கண்ணீர்... 'இஃப்' யாருக்கான படம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் வீடே சரிந்து கிடந்தது. ஏழு வயது அக்கா பொண்ணு, "சித்தி, ஏதாவது பொம்மைப் படம் போடேன்" என்று நச்சரிக்க, டிவியில் 'இஃப்' போட்டேன். ஊதா கலரில் புசுபுசுவென்று ஒரு பெரிய உருவம் அந்தப் படத்தில் உண்டு. அதன் படத்தைக் காட்டியதுமே அவளுக்குக் குஷி.

அரை மணி நேரத்தில் சோபாவிலிருந்து நழுவித் தரைக்கு வந்தாள். ஒரு மணி நேரத்தில் டைனிங் டேபிளுக்கு அடியில் போர்வையைத் தொங்கவிட்டு, தலையணைகளை அடுக்கி, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். படம் முடியும்போது டிவி முன்னால் இருந்தது மூன்று பெரியவர்கள் மட்டும்தான். அக்கா மூக்கை உறிஞ்சினாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டேபிளுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "முடிஞ்சிருச்சா? அப்ப கார்ட்டூன் போடலாமா?"

யாருக்காகப் போட்ட படம், யார் உட்கார்ந்து அழுதோம் பாருங்க!

எங்க வீட்டுக் கதை மட்டுமல்ல இது. 2024 மே மாதம் இந்தப் படம் வெளியானதிலிருந்து இதே பஞ்சாயத்துதான். 'இது குழந்தைகளுக்கான படமே இல்லை' என்று ஒரு கூட்டம். 'சமீபத்தில் வந்த நல்ல குடும்பப் படம் இதுதான்' என்று இன்னொரு கூட்டம். 'என் பையன் தூங்கிட்டான், நான்தான் அழுதேன்' என்று நடுவில் ஒரு கூட்டம். ஒரே படத்துக்கு எப்படி இத்தனை ரியாக்‌ஷன்? கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

(ஒரு எச்சரிக்கை: 'இஃப்' உட்பட சில படங்களின் முக்கியமான திருப்பங்கள் கீழே வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, கட்டுரை ஓடிப்போகாது!)

கதை என்ன?

'இஃப்' என்பது 'இமேஜினரி ஃப்ரெண்ட்' என்பதன் சுருக்கம். சின்ன வயதில் நாமே உருவாக்கிக்கொள்ளும், நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கற்பனை நண்பன். 'தி ஆஃபீஸ்' சீரிஸில் ஜிம்மாக வந்தாரே ஜான் கிராசின்ஸ்கி, அவர்தான் டைரக்டர். சத்தம் போட்டால் செத்தோம் என்று நம்மை மிரட்டிய 'எ கொயட் ப்ளேஸ்' படத்தை எடுத்தவரும் அவரேதான். தன் இரண்டு பெண்கள் கற்பனை உலகத்தில் மூழ்கி விளையாடுவதைப் பார்த்து வந்த ஐடியா இது என்றும், கொரோனா காலத்தில் அந்த விளையாட்டு மங்கிப்போனதைக் கவனித்தபோதுதான் இதை எடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றியதாகவும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

12 வயது பீ, நியூயார்க்கில் பாட்டி வீட்டில் வந்து தங்குகிறாள். அம்மா சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டார். இப்போது அப்பாவும் அதே ஊரில் ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறார். அப்பா வேடத்தில் கிராசின்ஸ்கியே நடித்திருக்கிறார். மகள் பயப்படக் கூடாது என்று டிரிப்ஸ் ஸ்டாண்டோடு டான்ஸ் ஆடுவது, ஜோக் அடிப்பது என்று அவர் கோமாளித்தனம் செய்ய, 'நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்லை' என்று முகத்தை இறுக்கிக்கொள்கிறாள் பீ.

அந்த நேரத்தில்தான் அவள் கண்ணுக்குக் கற்பனை நண்பர்கள் தெரிய ஆரம்பிக்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் கால் (ரயான் ரெனால்ட்ஸ்), ஊதா நிற 'ப்ளூ', பழைய கார்ட்டூனிலிருந்து இறங்கி வந்தது போன்ற 'ப்ளாஸம்' என்று ஒரு பட்டாளம். தங்களை உருவாக்கிய குழந்தைகள் வளர்ந்து மறந்துவிட்டதால், இவர்கள் எல்லாரும் கைவிடப்பட்டவர்கள். கோனி ஐலேண்டில் இவர்களுக்கென்று ஒரு முதியோர் இல்லம்கூட இருக்கிறது! இவர்களுக்குப் புதுக் குழந்தைகளைத் தேடித் தரலாம் என்று பீ கிளம்புகிறாள். அது சரிப்பட்டு வரவில்லை. அப்புறம்தான் அவளுக்குப் பொறி தட்டுகிறது: புதுக் குழந்தைகள் எதற்கு, வளர்ந்துவிட்ட பழைய குழந்தைகளிடமே இவர்களைச் சேர்த்தால் என்ன?

அந்த இடத்தில்தான் படம் யாருக்கானது என்பதே மாறிப்போகிறது. அதைப் பிறகு பேசுவோம். முதலில் மார்க் பஞ்சாயத்து.

50 சதவிகிதம் என்றால் பாதி மார்க்கா?

படம் பார்ப்பதற்கு முன்னால் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, போனை எடுத்து ரேட்டிங் பார்ப்பது. 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் விமர்சகர்கள் பக்கம் 'இஃப்' வாங்கியது 50 சதவிகிதத்தை ஒட்டி. 'அய்யே, ஜஸ்ட் பாஸ்' என்று தோணும். ஆனால், அமெரிக்காவில் முதல் நாள் படம் பார்த்த ரசிகர்களிடம் தியேட்டர் வாசலிலேயே கருத்து வாங்கி கிரேடு போடும் 'சினிமாஸ்கோர்' கொடுத்தது 'ஏ'. ஒரே படம்தான். ஒரு பக்கம் பாதி, இன்னொரு பக்கம் முதல் வகுப்பு.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கணும். ராட்டன் டொமேட்டோஸ் சதவிகிதம் என்பது மார்க் இல்லை பாஸ், தலை எண்ணிக்கை. 'பார்க்கலாம்' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும்தான் கணக்கு. நூறு பேரும் 'பரவாயில்லை, ஓகே' என்று சொன்ன சுமாரான படத்துக்கு 100 சதவிகிதம் கிடைக்கும். ஐம்பது பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, மீதி ஐம்பது பேர் 'வேண்டவே வேண்டாம்' என்று சொன்ன படத்துக்கு 50தான். அதாவது, 50 என்ற எண் படம் சுமார் என்று சொல்லவில்லை. பார்த்தவர்கள் ஒத்துப்போகவில்லை என்று சொல்கிறது.

சினிமாஸ்கோரிலும் ஒரு விஷயம் உண்டு. முதல் நாளே டிக்கெட் எடுத்து வருகிறவர்கள், அந்தப் படத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டே வருகிறவர்கள். வேலைக்காக வாரத்துக்கு நாலு படம் பார்க்கும் விமர்சகரும், லீவு நாளில் குழந்தையோடு பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உட்காரும் அப்பாவும் ஒரே மனநிலையில் தியேட்டருக்குள் போவதில்லை.

வசூலும் இப்படித்தான் நடுவில் நின்றது. சுமார் 11 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க சுமார் 19 கோடி டாலர் வசூலித்தது. வசூலில் தியேட்டர்களின் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் போக, ஹாலிவுட் கணக்கில் இது ஹிட்டும் இல்லை, அட்டர் ஃப்ளாப்பும் இல்லை.

கிண்டல் செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு

'விமர்சகர்களுக்கு மனசே இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், அவர்கள் சொன்ன குறைகள் உண்மையான குறைகள். கற்பனை நண்பர்களின் உலகத்துக்கு என்ன விதி? அவர்கள் யார் கண்ணுக்குத் தெரிவார்கள், யார் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்? புதுக் குழந்தை கிடைக்காவிட்டால் அவர்களுக்கு என்னதான் ஆகும்? இதையெல்லாம் படம் தெளிவாகச் சொல்வதே இல்லை. மாயாஜாலப் படத்தில் லாஜிக் பார்க்கலாமா என்று கேட்கலாம். கட்டாயம் பார்க்கலாம்! குழந்தைகள்தான் முதலில் பார்ப்பார்கள். விளையாட்டில் ரூல்ஸ் மாறினால் 'போங்கு ஆட்டம்' என்று கத்துவது அவர்கள்தானே.

இன்னொன்று, குரல் கொடுத்திருப்பவர்களின் பட்டியல். ஸ்டீவ் கேரல், ஃபீபி வாலர்-பிரிட்ஜ், மேட் டேமன், எமிலி பிளன்ட், ஜார்ஜ் க்ளூனி, பிராட்லி கூப்பர் என்று பெரிய கூட்டம். கண்ணுக்கே தெரியாத 'கீத்' என்ற பாத்திரத்துக்கு க்ரெடிட்டில் பிராட் பிட் பெயர்! பெரியவர்கள் சிரிக்க இது நல்ல ஜோக். ஏழு வயதுக் குழந்தைக்கு பிராட் பிட் யாரென்று தெரியுமா? அந்த இடங்களில் படம் அவள் தலைக்கு மேலாக நம்மிடம் கண்ணடிக்கிறது. அவளுக்குப் புரியாத ஜோக்குக்கு அவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

சரி, பெரியவர்கள் ஏன் அழுதார்கள்?

படத்தில் இரண்டு காட்சிகள். ஒன்றில், பீயின் பாட்டி. சின்ன வயதில் பாலே டான்ஸராக ஆசைப்பட்டவர். பீ ஒரு பழைய இசைத்தட்டை ஓடவிட, பாட்டியின் உடம்பு மெதுவாக அந்த இசையை ஞாபகப்படுத்திக்கொள்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆடுகிறார். சிறுமியாக இருந்தபோது அவர் உருவாக்கிய ப்ளாஸம், அறையின் ஓரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டிக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும்.

இன்னொன்றில், ஜெரமி. வேலை விஷயமாக முக்கியமான சந்திப்புக்குக் காத்திருக்கும் நடுத்தர வயது ஆள். பயத்தில் கை நடுங்குகிறது. அவரைத் தேடி வந்த ப்ளூ பக்கத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு தெம்பு அவருக்குள் வருகிறது. எழுந்து நிமிர்ந்து உள்ளே போகிறார்.

இந்த இரண்டையும் பார்த்து அழாமல் இருக்க, நீங்கள் இன்டர்வியூவுக்கு முன்னால் ரிசப்ஷனில் உட்கார்ந்து வியர்க்காதவராக இருக்க வேண்டும். அல்லது, சின்ன வயதில் ஆசைப்பட்ட ஏதோ ஒன்றை 'வேலைக்கு ஆகாது' என்று மூட்டை கட்டிப் பரணில் போடாதவராக இருக்க வேண்டும். நம்மில் அப்படி எத்தனை பேர்?

பொம்மைகளின் முதியோர் இல்லத்தை நடத்தும் வயதான கரடி பொம்மை லூயிஸுக்குக் குரல் கொடுத்தவர் லூயிஸ் காசெட் ஜூனியர், ஆஸ்கர் வாங்கிய மூத்த நடிகர். படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், 2024 மார்ச்சில் இறந்துபோனார். அது தெரிந்து கேட்கும்போது அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் கனமாகிறது.

ஆக, கண்ணீருக்குக் காரணம் தெளிவு. இந்தப் படம் கற்பனையைப் பற்றிப் பேசுகிறது என்பதைவிட, கற்பனையைத் தொலைத்ததைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் சரி. தொலைத்தவர்கள் அழுகிறார்கள். இன்னும் தொலைக்காதவர்கள், டேபிளுக்கு அடியில் போய் விளையாடுகிறார்கள்.

குழந்தைகளுக்கு இது சோகமே இல்லையா?

கற்பனை நண்பர்கள் பற்றிப் பல வருடங்கள் ஆய்வு செய்தவர், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்ஜரி டெய்லர். 2004-ல் வெளியான அவரது குழுவின் ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனை நண்பர் இருந்த குழந்தைகள் சுமார் 65 சதவிகிதம். கண்ணுக்குத் தெரியாத நண்பர் மட்டுமல்ல, உயிர் இருப்பதாக நினைத்துப் பேசும் பொம்மையும் இந்தக் கணக்கில் அடக்கம். 'தனிமையில் வாடும் குழந்தைக்குத்தான் இதெல்லாம் வரும்' என்ற பழைய எண்ணத்தை இந்த மாதிரி ஆய்வுகள் உடைத்துவிட்டன.

இன்னும் இரண்டு விஷயங்களை டெய்லரின் ஆய்வுகள் காட்டுகின்றன. முதலாவது, அந்த நண்பர் நிஜம் இல்லை என்று குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். சீரியஸாகக் கேள்வி கேட்கும் ஆய்வாளரிடம் 'இது சும்மா, விளையாட்டுக்குத்தான்' என்று குழந்தையே சமாதானம் சொல்வதுண்டு. இரண்டாவது, இந்த நண்பர்கள் விடைபெறும்போது பெரிய நாடகம் எதுவும் நடப்பதில்லை. குழந்தைக்கு வேறு விளையாட்டு, வேறு நட்பு என்று கவனம் போகிறது. பழைய நண்பர் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறார். பெரும்பாலும் யாரும் அழுவதில்லை.

இப்போது 'இஃப்' படத்தை நினைத்துப் பாருங்கள். கைவிடப்பட்ட கற்பனை நண்பர்கள் முதியோர் இல்லத்தில் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு குழந்தைக்குத் தோன்றக்கூடிய சோகமா? இல்லை. அது குழந்தைகள் வளர்ந்துவிடுவார்களே என்று ஏங்கும் பெற்றோரின் சோகம். 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் பிங் பாங் மறைந்துபோகும் காட்சியில் தியேட்டரே அழுததே, ஞாபகம் இருக்கா? அங்கேயும் இதே வலிதான். மறக்கப்படும் வலி நமக்குத்தான் தெரியும். குழந்தைக்கு மறப்பது என்பது பல் விழுந்து முளைப்பது மாதிரி.

தலைகீழாக நடந்த கதை: 2007

இதற்கு நேர் எதிரான ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. 2007-ல் வந்த 'பிரிட்ஜ் டு டெராபித்தியா'. ட்ரெய்லரில் ராட்சதன், விநோத ஜந்துகள், மாய ராஜ்ஜியம் என்று அமர்க்களம். 2005-ல் 'நார்னியா' படம் சக்கைப்போடு போட்டிருந்த நேரம். அதைத் தயாரித்த டிஸ்னி, வால்டன் மீடியா கூட்டணிதான் இதற்கும் என்பதால், 'அடுத்த நார்னியா' என்று நினைத்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

உள்ளே இருந்தது வேறு கதை. ஜெஸ் என்ற ஏழை வீட்டுப் பையனும், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த லெஸ்லி என்ற பெண்ணும் ஓடைக்கு அக்கரையில் ஒரு கற்பனை ராஜ்ஜியத்தை உருவாக்குகிறார்கள். அந்த மாயக் காட்சிகள் படத்தில் கொஞ்ச நேரம்தான். ஒருநாள் ஜெஸ் ஊரில் இல்லாதபோது, ஓடையைத் தாண்டும் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள். மீதிப் படம் முழுக்க, அந்தச் செய்தியை நம்ப முடியாமல் தவிக்கும் ஒரு பையன்.

பெற்றோர்களில் பலர் கொதித்துவிட்டார்கள். 'குழந்தைப் படம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்' என்றார்கள். ஆனால், விமர்சகர்களில் பெரும்பாலானோர் பாராட்டினார்கள். அன்றைக்கு அதைப் பார்த்த குழந்தைகள் இன்று 25 வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் நிறைய பேர் இப்போது அந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'என்னை உடைத்த படம்' என்று சொல்கிறார்கள். அதே மூச்சில், 'மறக்கவே முடியாத படம்' என்றும் சொல்கிறார்கள்.

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 1977-ல் நாவலாக எழுதியவர் கேத்தரின் பேட்டர்சன். அவருடைய மகன் டேவிட்டின் நெருங்கிய தோழி, எட்டு வயதுச் சிறுமி, 1974-ல் மின்னல் தாக்கி இறந்துபோனாள். மகனுக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் அந்த அம்மா எழுத உட்கார்ந்தார். 1978-ல் அந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவின் முக்கியமான சிறுவர் இலக்கிய விருதான 'நியூபெரி' கிடைத்தது. இன்னொரு பக்கம், பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. 2007-ல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தோழியை இழந்த அதே டேவிட் பேட்டர்சன்தான்.

இரண்டு படங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 'இஃப்' பெரியவர்களின் இழப்பைக் குழந்தைகளுக்கு விற்றது. குழந்தைகள் நெளிந்தார்கள். 'டெராபித்தியா' ஒரு குழந்தையின் இழப்பை நேராகச் சொன்னது. பெரியவர்கள் கோபப்பட்டார்கள். இரண்டிலும் நடந்த தப்பு ஒன்றுதான். போஸ்டர் ஒன்றைச் சொன்னது, படம் வேறொன்றைச் சொன்னது.

கற்பனைப் படம்னா ஏன் எப்பவும் ஒரு சாவு?

கவனிச்சிருக்கீங்களா? கற்பனையைக் கொண்டாடும் சிறுவர் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பலவற்றில் ஒரு இழப்பு ஒளிந்திருக்கும். 'இஃப்' நாயகிக்கு அம்மா இல்லை. அதே 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் உலக ரசிகர்களுக்கு வந்த ஜப்பான் அனிமேஷன் 'தி இமேஜினரி'யில் அப்பா இல்லை. 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' (1984) பையனுக்கு அம்மா இல்லை. 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2016) பையனின் அம்மா புற்றுநோயில் சாகக் கிடக்கிறார். 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (2009) படத்தில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார்.

அந்தக் கடைசிப் படத்துக்கும் இதே பஞ்சாயத்து நடந்தது. மோரிஸ் சென்டக் 1963-ல் வெளியிட்ட, சில நிமிடங்களில் படித்து முடித்துவிடக்கூடிய படப் புத்தகத்தை ஸ்பைக் ஜோன்ஸ் முழு நீளப் படமாக்கினார். கோபக்காரப் பையன் ஒருவன், ராட்சதர்கள் வாழும் தீவுக்குப் போகும் கதை. 'குழந்தைகள் பயப்படுவார்கள்' என்று பேச்சு கிளம்பியபோது, அப்படி நினைக்கும் பெற்றோர்களைப் பேட்டியிலேயே காட்டமாகத் திட்டினார் சென்டக். குழந்தைகளுக்குக் கோபமும் பயமும் உண்டு, அதை மறைத்துவைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை என்பது அவர் கட்சி.

ஏன் இப்படி? காரணம் எளிது. படத்தில் கற்பனைக்கு ஒரு வேலை வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கும் வீட்டில் மாய நண்பன் வந்தால் அது வெறும் வேடிக்கை. பீ மாதிரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவன் வந்தால், அது துணை. க்ளைமாக்ஸில் அவள் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அப்பாவிடம் கதை சொல்ல ஆரம்பிக்கிறாள். அதுவரை 'நான் குழந்தை இல்லை' என்று விறைப்பாக இருந்தவள் அவள். பயத்தைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே வழி கதைதான். அப்புறம், பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து, கால் என்பவர் தன்னுடைய சொந்தக் கற்பனை நண்பர் என்றும் தெரிந்துகொள்கிறாள். இத்தனை நாள் அவளுக்குத் துணையாக வந்தது அவளேதான்.

இந்த இடத்தில் பார்ப்பவர் யார் என்பது முக்கியமாகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அனுபவம் உள்ளவருக்கு இது ஒரு படம். இல்லாதவருக்கு வேறு படம். வயது இரண்டாம் பட்சம்தான். அப்பாவையோ அம்மாவையோ ஐ.சி.யூ-வில் பார்த்த பத்து வயதுக் குழந்தை, என்னைவிட நன்றாகவே பீயைப் புரிந்துகொள்ளும்.

அப்போ, வீட்டுல போடலாமா வேண்டாமா?

போடலாம். ஆனா நாலு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரேட்டிங் பார்ப்பதோடு நிறுத்தாமல், கதைச் சுருக்கத்தையும் இரண்டு வரி படியுங்கள். படத்தில் யாராவது இறக்கிறார்களா, ஆஸ்பத்திரி வருகிறதா என்பது உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எந்த சதவிகிதத்தையும்விட முக்கியமான தகவல். சமீபத்தில் வீட்டில் யாராவது இறந்திருந்தால், 'இதுல அந்த அக்காவோட அம்மா இல்ல, சரியா?' என்று முன்னாடியே சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள்.

குழந்தை எழுந்து போனால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். 'எவ்ளோ அழகான படம், உனக்கு ரசனையே இல்ல' என்ற டயலாக் வேண்டவே வேண்டாம். அது உங்கள் ஏக்கம், அவளுடையது இல்லை.

படம் முடிந்ததும் 'பிடிச்சுதா?' என்று கேட்டால், 'ம்' என்று ஒரே எழுத்தில் பதில் வரும். 'அந்தப் பொண்ணு ஏன் அப்பா மேல கோபமா இருந்தா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவேளை கதை வரும்.

கடைசியாக, உங்கள் வீட்டுக் குட்டி யாருமே இல்லாத நாற்காலியைப் பார்த்துப் பேசினால் பதற வேண்டாம், கிண்டலும் வேண்டாம். அந்த நாற்காலியில் போய் உட்காராமல் இருந்தால் போதும்.

பின்குறிப்பு மாதிரி ஒண்ணு...

அன்றைக்கு ராத்திரி டேபிளுக்கு அடியில் இருந்த போர்வையை மடிக்கும்போது, சும்மா கேட்டேன். "ஆமா, மத்தியானம் இங்க என்ன பண்ணிட்டு இருந்த? யாரைத் திட்டிட்டு இருந்த?"

பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றாள்.

"டிரைவரை."

"எந்த டிரைவர்?"

"ஆம்புலன்ஸ் டிரைவர், சித்தி. அந்த அக்காவோட அப்பாவை ஆஸ்பத்திரில சேர்க்கணும்ல? அவன் மெதுவா ஓட்டுறான்."

வாய் கொப்பளிக்க ஓடிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த நேரத்தில், அவள் ஒருத்திதான் அந்த அப்பாவுக்காக வண்டி பிடித்திருக்கிறாள். அவள் படம் பார்க்கவில்லை என்று இனி நான் எப்படிச் சொல்வது?

உங்க வீட்டில் இந்த மாதிரிப் படம் பார்த்து அழுதது யார்? எழுந்து போனது யார்? எழுந்து போனவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.